காலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டம் சேர்த்தவர்

சோதித்துப் பார்ப்பதால்தான் மனிதனுக்குச் சர்க்கரை வியாதி வருகிறது என்கிற உண்மையை இந்த உலகத்தில் முதன்முதலில் கண்டுபிடித்தவர் பட்டாபிராம் பரந்தாமன். இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். அவரே மைக்கில் சொன்னார்.

ஸ்டேஷனுக்கு எதிரே நடந்த தெருமுனைக் கூட்டம் அது. எதிர்க்கட்சியின் வட்டச் செயலாளர் என்ற முறையில், அரசாங்கத்தின் வீண் செலவுகளைக் கண்டித்துப் பேச மேடை ஏறியிருந்தார். சென்ட்ரலிலிருந்து வந்த ரயில் அப்போதுதான் ஆட்களை இறக்கிவிட்டிருந்ததால் கூட்டம் நன்றாகவே இருந்தது. அதில் பாதிப் பேர் ஷேர் ஆட்டோவுக்கு நின்றவர்கள் என்பதைப் பரந்தாமன் பெரிதுபடுத்தவில்லை. நிற்கிறவன் கேட்கிறான், கேட்கிறவன் ஓட்டுப் போடுகிறான்.

“தாய்மார்களே, பெரியோர்களே! நாப்பது வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பட்டாபிராமுல யாருக்காவது சுகர் இருந்துச்சா? இல்லை. ஏன் இல்லை? மிஷின் இல்லை! மிஷின் வந்தது, சுகர் வந்தது. மிஷினை வாங்கினது யாரு? இந்த அரசாங்கம். அப்படின்னா சுகரைக் கொண்டாந்தது யாரு?”

“அரசாங்கம்!” என்றது முன்வரிசை. முன்வரிசைக்குக் கூட்டம் முடிந்ததும் பிரியாணி இருந்தது.

“நோயாளின்னா யாரு? ஆஸ்பத்திரிக்குப் போறவன். ஆஸ்பத்திரியை மூடிப்பாரு, அப்புறம் ஒரே ஒரு நோயாளியைக் காட்டு பாக்கலாம்! இந்த உடம்புல…” என்று வெள்ளைச் சட்டைமேல் ஓங்கித் தட்டிக்கொண்டார், “இதுவரைக்கும் ஒரு அரசாங்க ஊசி ஏறினது இல்லை, ஒரு அரசாங்க மாத்திரை எறங்கினது இல்லை. வியாதிங்கிறது வேண்டாத சொந்தக்காரன் மாதிரி. கண்டுக்காம வுடு. மூணாம் நாள் அதுவே பெட்டியைத் தூக்கிக்கினு கெளம்பிடும்!”

எல்லா ஆஸ்பத்திரியையும் மூடிவிட்டால் மிச்சமாகிற பணத்தில் தெருவுக்கு ஒரு கொடிக்கம்பப் பீடம், டைல்ஸ் ஒட்டி, கட்டிக்கொடுக்கலாம் என்ற தன் சுகாதாரக் கொள்கையையும் அன்றே வெளியிட்டார். பேச்சுக்கு நடுவே மேசையிலிருந்த தண்ணீர் பாட்டில்கள் அத்தனையும் காலியாயின. இடையிடையே மேடைக்குப் பின்னால் இறங்கி, சந்துக்குள் போய்விட்டு வந்தார். தலைமைக் கழகத்திலிருந்து அடிக்கடி போன் வருகிறது போல என்று தொண்டர்கள் பெருமைப்பட்டார்கள்.

அரசாங்கம் செய்த குற்றம் இதுதான்: பட்டாபிராம் மார்க்கெட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில், ஒரு சின்ன ஆஸ்பத்திரி கட்டிவிட்டது. புதுக் கட்டடம். ஒரு டாக்டரம்மா, அருள்செல்வி என்று ஒரு நர்ஸ், அலமாரி நிறைய மாத்திரை, ரத்தம் எடுக்க மிஷின், உட்கார நாற்காலி, அதன்மேல் மின்விசிறி. எல்லாம் இருந்தது. நோயாளிதான் இல்லை.

ஏன் இல்லை என்றால், அப்படி ஒரு ஆஸ்பத்திரி இருப்பதே ஊருக்குத் தெரியாது. ஏன் தெரியாது என்றால், அதன் பெயர்ப் பலகைமேல் பரந்தாமனுடைய பிறந்தநாள் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. ஒரு கையால் புலியைத் தடவிக்கொடுத்தபடி இன்னொரு கையால் போன் பேசும் பரந்தாமன். பிறந்தநாள் போய், தீபாவளி போய், பொங்கலும் போன பிறகும் புலி அங்கேயே நின்றது. அருள்செல்வி ஒருமுறை அவரை வழியில் பார்த்து, “சார், அதைக் கொஞ்சம் நகர்த்திக் கட்டினா போர்டு தெரியும்” என்று கேட்டாள். “மேல் ஓரத்துல தலைவர் படம் கீதும்மா. நகர்த்தினா தலைவரை நகர்த்தின மாதிரி ஆயிடும்” என்று பரந்தாமன் கண்ணியமாக மறுத்துவிட்டார். ஆக, அந்த ஆஸ்பத்திரி காலியாக இருப்பதில் அவருக்குச் சொந்தப் பங்கு உண்டு. ஆனால் அதை அவர் எங்கும் சொல்லிக்கொண்டதில்லை.

தெருமுனைக் கூட்டம் நடந்த மறுநாள் மாவட்டம் போன் செய்தது.

அந்தக் கட்சியில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. வட்டச் செயலாளர் என்றால் ‘வட்டம்’. மாவட்டச் செயலாளர் என்றால் ‘மாவட்டம்’. “மாவட்டம் தூங்கிக்கினு கீறாரு”, “மாவட்டத்துக்கு லேசா வயிறு சரியில்லை” என்றெல்லாம் சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். வெளியாள் கேட்டால் பேரிடர் அறிவிப்பு என்று பயந்துவிடுவான். வானகரத்தில் மாடி வீட்டில் இருக்கும் இந்த மாவட்டத்துக்கு அப்பா அம்மா வைத்த பெயர் பார்த்தசாரதி. அதை இப்போது அவர் மனைவியும் பயன்படுத்துவதில்லை.

“வட்டம், ஆஸ்பத்திரி வீண் செலவுன்னு பேசினியாமே. ஒங்க ஊருல ஒண்ணு காலியா கெடக்குதாமே. நெஜமாவே காலியா?”

“ஈ காக்கா கெடையாது மாவட்டம். ஃபேன் மட்டும் சுத்துது. காலி நாற்காலிக்குக் காத்து வாங்கிக் குடுக்கற ஒரே அரசாங்கம் இதுதான்.”

“நல்லா கீதே இந்தப் பேச்சு. வெள்ளிக்கிழமை டிவிக்காரங்களோட வர்றேன். காலியைக் காட்டு. சுத்தமா காலியா இருந்துச்சுன்னா மாநகராட்சி எலெக்‌ஷன்ல கவுன்சிலர் சீட்டு ஒனக்கு. இல்லைன்னா ஜெயராமனுக்கு.”

ஜெயராமன் என்ற பெயர் காதில் விழுந்ததும் பரந்தாமனுடைய வலது கால் கட்டைவிரல் விண்ணென்று வலித்தது. காரணம் உண்டு. ஜெயராமன் அதே வட்டத்தில், அதே கட்சியில், அதே சீட்டுக்கு அலைகிறவன். ரோட்டுப் பள்ளத்தில் நாற்று நட்டுப் போராட்டம் செய்து பேப்பரில் வந்தவன். அந்த நாற்று வேர் பிடித்துவிட்டது. இப்போது அறுவடைக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தான். போதாததற்கு முச்சந்தியில் கொடிக்கம்பப் பீடம் ஒன்று கட்டி, அதில் கட்சியின் பெயரைவிடத் தன் பெயரைப் பெரிதாகப் போட்டிருந்தான். பரந்தாமன் ஒரு நாள் அதை எட்டி உதைத்தார். பீடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டைவிரலில் அன்று வந்த புண் இன்னும் ஆறவில்லை. மூன்றாம் நாள் கிளம்ப வேண்டிய அந்தச் சொந்தக்காரன் மாதக்கணக்கில் செருப்புக்குள் தங்கியிருந்தான்.

திட்டம் போட ராயப்பனைக் கூப்பிட்டார். ராயப்பன் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயில், மற்ற நேரமெல்லாம் பரந்தாமன் என்று வாழ்கிறவர். இருவரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

“மொதல்ல ஒரு எறநூறு பேரைத் தெரட்டணும்” என்றார் பரந்தாமன். “ரெண்டு குட்டியானை வண்டி, மைக் செட்டு, பட்டாசு.”

ராயப்பன் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். “இன்னா மாமே சொல்ற? காலியா கீதுன்னு காட்டறதுக்கு இன்னாத்துக்குக் கூட்டம்? நீயும் மாவட்டமும் மட்டும் போயி எட்டிப் பாத்துட்டு வந்தா ஆவாதா?”

பரந்தாமன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “ராயப்பா, கூட்டம் இல்லாத எடத்துல மாவட்டம் கார் கதவைத் தொறந்ததா சரித்திரமே இல்லை. போன வருஷம் சாவுக்கு வந்தாரே, ஆளு கொறைவுன்னுட்டு வண்டியைத் திருப்பிக்கினு போயிட்டாரு.”

“அதில்லை மாமே. எறநூறு பேரு நின்னா அப்புறம் அது எப்பிடி காலியாவும்?”

“கூட்டம் வெளியே. காலி உள்ளே.”

ராயப்பன் இதை மனசுக்குள் ஒருமுறை வரைந்து பார்த்தார். டேங்க் ஃபேக்டரியில் இருந்தவர் என்பதால் வரைபடம் அவருக்குப் பழக்கம். அதில் எங்கோ ஒரு ஓட்டை இருப்பதாகப் பட்டது. ஆனால் பேச்சை மாற்றினார். “காலு இன்னாச்சு? இன்னும் கட்டு கட்டிக்கினு கீறியே. ஒரு டெஸ்ட்டு கிஸ்ட்டு எடுத்துப் பாரேன்.”

“எடுத்தா வந்துடும்” என்றார் பரந்தாமன், முழு நம்பிக்கையோடு. இன்னொரு சொம்பு தண்ணீர் கேட்டார்.

போஸ்டரைப் பரந்தாமனே எழுதினார். அரசாங்கத்தின் ஊதாரித்தனத்தை ஒன்றுவிடாமல் அடுக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். அடுக்கினார்.

‘மக்கள் வரிப்பணம் பாழ்! காலையும் மாலையும் டாக்டர்! சுகர், பிரஷர் டெஸ்ட் ஒரு பைசா வாங்காமல்! மாத்திரைகள் மலைபோல் குவிந்து கிடக்கும் அவலம்! உட்கார நாற்காலி, காற்றுக்கு மின்விசிறி, குடிக்கச் சுத்தமான தண்ணீர்! யாருக்காக இந்த ஆடம்பரம்? இடம்: மார்க்கெட் பின்புறம், தண்ணீர்த் தொட்டி அருகில்.’

கீழே அவருடைய முகம். புலி இல்லாமல், கோபமாக.

சி.டி.எச். ரோடு முழுக்க, புது அப்பார்ட்மென்ட் மதில்கள் முழுக்க, ஸ்டேஷன் படிக்கட்டு முழுக்க ஒட்டினார்கள். அத்தோடு விடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் புதிய ஃப்ளெக்ஸ் ஒன்று தேவைப்பட்டது. பெரிய சிவப்பு அம்புக்குறி போட்டு, ‘மக்களே பாருங்கள், இங்கேதான்!’ என்று. அதைக் கட்ட இடம் வேண்டுமே? பழைய புலி ஃப்ளெக்ஸைத் தலைவர் படத்துக்குச் சேதமில்லாமல் மரியாதையாக இறக்கினார்கள். அதன் பின்னாலிருந்து ஆஸ்பத்திரியின் பெயர்ப் பலகை முதல்முறையாக வெயிலைப் பார்த்தது.

அன்று மாலையே அந்தப் போஸ்டர் நாலு அப்பார்ட்மென்ட்டின் வாட்ஸப் குரூப்புகளில் சுற்றியது. அந்த வீடுகளில் இருப்பவர்கள் கோயம்புத்தூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். காய்ச்சல் என்றால் எங்கே போவது என்று தெரியாமல் அம்பத்தூர்வரை ஆட்டோ பிடித்தவர்கள். ‘யாரோ நல்ல மனுஷன் விவரமாப் போட்டிருக்கார்’ என்று ஒருவர் எழுதினார். அதன்கீழே வரிசையாகக் கைகூப்பின பொம்மைகள்.

வெள்ளிக்கிழமை காலை பரந்தாமன் மொடமொடவென்று கஞ்சி போட்ட வேட்டியில் மார்க்கெட் வழியாக வந்தார். திருப்பத்திலேயே நின்றுவிட்டார்.

தெருவில் வரிசை நின்றது. ஆஸ்பத்திரி வாசலில் தொடங்கி, தண்ணீர்த் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, கோழிக்கடைவரை வந்திருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மடிக்கணினிப் பையை மாட்டிக்கொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள். பரந்தாமனுக்கு முதலில் நினைவுக்கு வந்தது ரேஷன் கடை. பிறகுதான் விஷயம் உறைத்தது. சீட்டு அவர் கண்முன்னே, ஒவ்வொரு ஆளாக, ஜெயராமன் பக்கம் நகர்ந்து கொண்டிருந்தது.

வரிசையின் முன்னால் போய் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். “எல்லாரும் ஒரு ரெண்டு மணி நேரம் தயவுசெஞ்சு வூட்டுக்குப் போயிட்டு வாங்க. மாவட்டம் வந்துட்டுப் போனதும் நிதானமா வரலாம். இப்ப இந்த எடம் காலியா இருக்கணும்.”

“எதுக்குங்க காலியா இருக்கணும்?” என்று கேட்டாள் பவ்யா என்கிற பெண். கையில் டோக்கன் வைத்திருந்தாள்.

“காலியா இருக்குன்னு காட்டணும்மா.”

“ஆனா காலியா இல்லீங்களே.”

“அதனாலதாம்மா போகச் சொல்றேன்!”

பவ்யா இரக்கத்தோடு அவர் காலில் இருந்த கட்டைப் பார்த்தாள். “உங்களுக்கு அவசரம்னா எனக்கு முன்னாடி நின்னுக்கோங்க சார்” என்று இடம் விட்டாள்.

சத்தம் கேட்டு அருள்செல்வி வெளியே வந்தாள். இத்தனை மாதம் காலி நாற்காலிகளோடு குடித்தனம் நடத்திய முகத்தில் கல்யாண வீட்டுக் களை. “சார், நீங்கதானே போஸ்டர் போட்டது? எங்க டிபார்ட்மென்ட்ல கூட இவ்வளவு தெளிவா எழுத மாட்டாங்க. டாக்டரம்மா உங்களைப் பாத்து நன்றி சொல்லணும்னாங்க.”

பரந்தாமனுக்கு அரசியல் வாழ்க்கையில் எத்தனையோ பேர் சாபம் விட்டிருக்கிறார்கள். எதுவும் இப்படிச் சுட்டதில்லை.

சரி, குட்டியானைகள் வந்துவிட்டால் தொண்டர்களை வைத்துக் கூட்டத்தைக் கலைத்துவிடலாம் என்று காத்திருந்தார். வந்தன. தொண்டர்கள் கொடியோடு குதித்தார்கள். இங்கே பரந்தாமன் ஒரு விஷயத்தை மறந்துபோயிருந்தார். கட்சிக்காரனுக்கு வரிசை என்று ஒன்றைப் பார்த்துவிட்டுச் சும்மா நிற்க வராது. இலவச வேட்டியா, குடமா, குஸ்காவா என்று விசாரிக்கவும் மாட்டான். முதலில் நிற்பான், பிறகுதான் கேட்பான். குட்டியானையிலிருந்து இறங்கிய அத்தனை பேரும் ஒரு நொடியில் வரிசையில் கலந்துவிட்டார்கள். கொடிகளைக் கோழிக்கடை மேல் சாய்த்து வைத்துவிட்டு.

“டேய், நாம எதிர்ப்பு தெரிவிக்க வந்துருக்கோம்!” என்று கத்தினார் பரந்தாமன்.

“தெரிவிச்சுக்கினேதான் நிக்கிறோம் அண்ணாத்தே” என்றான் ஒருவன். “ஒழிக!” என்று மரியாதைக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டு ஒரு அடி முன்னால் நகர்ந்தான்.

ராயப்பன் எப்படியோ எல்லோருக்கும் முன்னால் உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் கட்டைவிரலில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுவிசேஷம் கேட்டவர் போல ஒளிவீசும் முகத்தோடு வெளியே வந்தார்.

“மாமே! எனக்கு எறநூத்தி எம்பது!”

மைக் செட்டுக்காரன் பதினைந்து வருஷமாக எலெக்‌ஷன் வேலை மட்டுமே பார்த்தவன். யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் அவனுக்குத் தானாக வாய் திறந்துவிடும். “முதல் சுற்று முடிவில், அண்ணன் ராயப்பன் அவர்கள் இருநூற்று எண்பது பெற்று முன்னிலை வகிக்கிறார்!” என்று அறிவித்தான். யாரோ சரத்தைக் கொளுத்திப் போட்டார்கள். ராயப்பனுக்கு மாலை விழுந்தது. மாவட்டத்துக்கென்று வாங்கி வைத்திருந்த மாலை.

அதன்பிறகு பரந்தாமன் கையில் ஒன்றும் இல்லை. உள்ளேயிருந்து ஒவ்வொருவராக வந்து எண்ணைச் சொன்னார்கள். மைக் அதைத் தெருவுக்குச் சொன்னது. இருநூறைத் தாண்டியவர்களைத் தோளில் தூக்கினார்கள். நூற்றுப்பத்து எடுத்த ஒரு கிளைச் செயலாளருக்கு டெபாசிட் போனதாக அறிவித்ததும் அந்த மனிதர் கூனிக் குறுகிப்போய், மறு எண்ணிக்கை வேண்டும் என்று திரும்ப உள்ளே ஓடினார். “அண்ணே, இது ஜெயிக்கிற விஷயம் இல்லைண்ணே, கம்மியா இருக்கிறதுதான் நல்லது” என்று அருள்செல்வி வாசலில் நின்று கெஞ்சினாள். “தோத்தவங்களுக்கு ஆறுதலா நாலு வார்த்தை சொல்லத்தான் செய்வாங்க” என்று தொண்டர்கள் அதைப் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார்கள்.

பரந்தாமன் மாவட்டத்துக்குப் போன் போட்டார். வழியில் எங்காவது மாட்டிக்கொண்டால் நல்லது என்று வேண்டிக்கொண்டே. “வானகரம் தாண்டறதுக்குள்ள தாவு தீந்துபோச்சு. பைபாஸ் ஏறிட்டேன், வந்துகினே கீறேன்” என்றது மாவட்டம். “காலியாத்தானே கீது?”

பரந்தாமன் எதிரே பார்த்தார். ராயப்பனைச் சுற்றி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

“ஏற்பாடு ஆயிக்கினு கீது மாவட்டம்” என்றார்.

மாவட்டத்தின் கார் வந்தது. பின்னால் டிவிக்காரர்களின் வண்டி. கூட்டத்தைப் பார்த்த சந்தோஷத்தில் மாவட்டம் கதவைத் தானே திறந்துகொண்டு இறங்கினார். சிரித்துக்கொண்டே வந்து, தோளில் கைபோட்டு, பரந்தாமன் காதில் மட்டும் விழும்படி கேட்டார். “காலின்னியே, எங்கய்யா காலி?”

“உள்ளே ஒரு… ரத்தம் எடுக்கற ரூமுக்குப் பக்கத்துல, ஒரு அலமாரி பாதி காலியாயிடுச்சு மாவட்டம். காலையிலேர்ந்து மாத்திரை குடுத்ததுல.”

மாவட்டம் பதில் சொல்வதற்குள் மைக்குகள் அவர் மூக்குக்குக் கீழே வந்துவிட்டன. முப்பது வருஷ அரசியல்வாதி அவர். ஒரு கண்ணால் கேமராவைப் பார்த்தார். மறு கண்ணால் கோழிக்கடைவரை நிற்கும் கூட்டத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பரந்தாமன் கண்ணை மூடிக்கொண்டார்.

“பாருங்கள் இந்த மக்கள் வெள்ளத்தை!” என்று முழங்கினார் மாவட்டம். “இத்தனை பேருக்கு ஒரே ஒரு டாக்டரா? ஒரே ஒரு நர்ஸா? இத்தனை பேர் தலைக்கு மேல ரெண்டே ரெண்டு ஃபேனா? மக்களுக்கு வைத்தியம் பார்க்கச் செலவு பண்ண இந்த அரசுக்கு மனசே வரவில்லை! கஞ்சத்தனம்! எங்கள் வட்டச் செயலாளர் போஸ்டர் ஒட்டி மக்களைக் கூட்டிவரவில்லை என்றால் இந்த ஆஸ்பத்திரியை இழுத்து மூடியிருப்பார்கள்! இன்னும் ஒரு மிஷின், இன்னும் ஒரு டாக்டர், இன்னும் நாலு ஃபேன் கொடுக்கும்வரை எங்கள் கட்சி ஓயாது!”

கூட்டம் ஆர்ப்பரித்தது. பரந்தாமன் கண்ணைத் திறந்தபோது தன் கைகள் ஏற்கெனவே தட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். கொள்கையை மாற்றிக்கொள்ள அவருக்குத் தேவைப்பட்டது அவ்வளவு நேரம்தான்.

மாவட்டம் கேமரா முன்னால் விரலை நீட்டி டெஸ்ட்டும் எடுத்துக்கொண்டார். அவருடைய எண் குறைவுதான். ஆனால் மைக் செட்டுக்காரனுக்கு யாருடைய எண்ணை எப்போது கூட்ட வேண்டும் என்று தெரியும். முந்நூற்றைம்பது என்று அறிவித்து, ராயப்பனை இரண்டாம் இடத்துக்குத் தள்ளினான். ராயப்பன் கட்சிக் கட்டுப்பாட்டோடு மாலையைக் கழற்றிக் கொடுத்தார்.

காரில் ஏறும் முன் மாவட்டம் திரும்பினார். “நல்லாப் பண்ணிட்டே வட்டம். சீட்டு ஒனக்குத்தான்னு வச்சுக்க.”

பரந்தாமன் உருகிப்போய், வழியனுப்ப இரண்டு அடி எடுத்து வைத்தார்.

மாவட்டம் கீழே பார்த்தார். “நடையில இன்னா கோணல்?”

“ஒண்ணுமில்லை. சும்மா செருப்புக் கடி.”

“சரி பண்ணிக்க. மூணு மாடி, நாலு மாடின்னு புதுசு புதுசா கட்டி வச்சிருக்கானுங்க. வூடு வூடா ஏறி எறங்கணும். அடுத்த மாசம் பட்டியல். அப்பவும் நொண்டிக்கினு நின்னேன்னா…” மாவட்டம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே முடித்தார், “ஜெயராமன் பாரு, தெனம் வயக்காட்டு வேலை. கட்டையாட்டம் கீறான்.”

சாயங்காலம் தெரு அடங்கியது. தொண்டர்கள் அவரவர் மாத்திரைக் கவரோடு குட்டியானையில் ஏறிப் போனார்கள். ஃப்ளெக்ஸைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பரந்தாமன் மட்டும் பின்தங்கினார். அம்புக்குறியை நிமிர்ந்து பார்த்தார். கயிற்றை இழுத்துப் பார்த்தார், இறுக்கமாகத்தான் இருந்தது. தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தார். கோழிக்கடைக்காரன் உள்ளே தலை குனிந்து எதையோ கழுவிக்கொண்டிருந்தான். சட்டென்று அம்புக்குறி காட்டிய பக்கம் உள்ளே நுழைந்துவிட்டார்.

அருள்செல்வி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “வாங்க சார். டாக்டரம்மா பின்னாடி டீ குடிக்கிறாங்க. கூப்பிடவா?”

“இல்லை, இல்லை. சும்மா ஒரு ஆய்வு.” பரந்தாமன் சுவரைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். குடிதண்ணீர்க் குழாயில் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார். இன்னொன்று. இன்னொன்று. பிறகு, மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்த ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்து, வேறு பக்கம் பார்த்தபடி விரலை நீட்டினார்.

அருள்செல்வி மிஷினை எடுத்தாள். “பேர் சொல்லுங்க சார்.”

“ஜெயராமன்.”

அருள்செல்வி அவர் முகத்தைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே மதிலில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்தாள். அங்கேயும் அதே முகம் கோபமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இனிஷியல்?” என்றாள்.

ஊசி குத்தும்போது பரந்தாமன் சத்தம் போடவில்லை. மிஷின் யோசித்தது. கூவியது. அருள்செல்வி மிஷினை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி எண்ணை இன்னொரு முறை பார்த்தாள்.

“எவ்ளோ?”

“ராயப்பன் அண்ணன் தோத்துட்டார் சார். உங்க மாவட்டமும் தோத்துட்டார்.”

காலையிலிருந்து கேட்டுக்கேட்டுப் பழகிய காது என்பதால், பரந்தாமனுக்குள் ஒரு கணம் பட்டாசு வெடித்தது. அடுத்த கணம் அணைந்தது. செருப்பைக் கழற்றச் சொன்னாள். கட்டைப் பிரித்தாள். பின்பக்கத்திலிருந்து டாக்டரம்மா டீ டம்ளரோடு வந்து குனிந்து பார்த்துவிட்டு, டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டார்.

“இது… கண்டுக்காம வுட்டா மூணாம் நாள் அதுவே போயிடும்னு சொல்றாங்களே” என்றார் பரந்தாமன், யாரோ எங்கோ சொன்ன மாதிரி.

“விரல் போயிடும்” என்றார் டாக்டரம்மா.

மருந்து வைத்துக் கட்டினார்கள். தினமும் இரண்டு வேளைக்கு மாத்திரை. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து கட்டு மாற்ற வேண்டும். முதல் மாத்திரையை அங்கேயே போடச் சொன்னார்கள். அரசாங்க டம்ளரில், அரசாங்கத் தண்ணீரில், அரசாங்க மாத்திரை இறங்கியது. உடம்பு எதிர்ப்பு எதுவும் தெரிவிக்கவில்லை.

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஏம்மா, எந்த நேரத்துல வந்தா இங்க ஆளே இருக்காது?”

“முன்னே எப்ப வேணா வந்திருக்கலாம் சார். இனிமே அப்படி ஒரு நேரம் கிடையாது” என்றாள் அருள்செல்வி. “எல்லாம் உங்க புண்ணியம்தான்.”

ஞாயிற்றுக்கிழமை காலை வரிசை வழக்கம்போல் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நின்றது. கோழிக்கடைப் பக்கம், கடைசியில், தலைக்கு முக்காடாகத் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒருவர் நின்றார். முன்னால் இருந்தவர் டோக்கன் வாங்கிட்டீங்களா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். வரிசை நகர நகர நகர்ந்தார். வாசலுக்குப் பக்கத்தில் வந்ததும் நாற்காலி கிடைத்தது, உட்கார்ந்தார். ஃபேன் காற்று துண்டைத் தூக்கத் தூக்க அதை இழுத்து விட்டுக்கொண்டார்.

“ஜெயராமன்!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பரந்தாமன் எழுந்து போனார்.